அக்கரையில் கூப்பிட்டது யார்?

1901 அக்டோபர் 7, திங்கள்

இன்றைக்கும் பாதி வகுப்பு தூங்கியது. மீதிப் பாதி வரவே இல்லை, நடவுக்குப் போய்விட்டார்களாம். நான் பாட்டைச் சீர் பிரித்து, பதவுரை சொல்லி, பொழிப்புரையும் சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், முன்வரிசையிலேயே மைமூன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். பலசரக்குக் கடை பக்கீர் முகமதுவின் மகள். வீட்டில் தம்பிமார்களையெல்லாம் இடுப்பில் சுமக்கிறவள். எழுப்ப மனம் வரவில்லை. அந்தப் பாடத்துக்கு நானே தூங்கியிருப்பேன்.

சாயங்காலம், பள்ளிக்கூடத்தை நடத்துகிற மிஸ்ஸியம்மாள் கூப்பிட்டனுப்பினாள். பெண்பள்ளிக்கூடங்களின் இன்ஸ்பெக்ட்ரஸ் அடுத்த மாதக் கடைசியில் வருகிறாளாம். அன்றைக்கு வகுப்பு நிறைந்திருக்காவிட்டால் சர்க்கார் மானியம் நின்றுவிடும், பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான். "உன்னுடைய தமிழ் வகுப்பில்தான் பெண்கள் மிகவும் குறைகிறார்கள், கிருபாபாய்" என்றாள். சீமையில் பிறந்தவள், 'மிகவும்' என்பதை எவ்வளவு சுத்தமாகச் சொல்லிவிட்டாள்!

பள்ளிக்கூடம் மூடினால் பின்கட்டில் இந்த அறையும் போய்விடும். பிறகு ராஜபாளையந்தான். கொழுந்தன் பொன்னுராஜ் வீடு. என் வீட்டுக்காரர் இறந்து துக்கம் கேட்க வந்தவர்கள் எழுந்து போகுமுன்னே, "மதினி, ஒத்தையில என்ன செய்வீக, நம்ம வீட்டுல சோத்த வடிச்சுப் போட்டுக்கிட்டு ஒரு மூலையில கெடக்கலாம்ல" என்றவன். மூலை கூட ஒதுக்கி வைத்திருக்கிறானாம். நான் போக மாட்டேன். செத்தாலும் போக மாட்டேன்.

அக்டோபர் 9, புதன்

இன்று ஒன்று செய்தேன்.

புத்தகத்தில் யார் எழுதியதென்று போடாத ஒரு சின்னப் பாட்டு. ஒரு பெண் விளக்கை எடுத்துக்கொண்டு காட்டோரம் நிற்கிறாள், தேனெடுக்கப் போன கணவன் திரும்பவில்லை. அவ்வளவுதான் பாட்டு. பதவுரையைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு அவளைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நம் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கந்தான் இருந்தாள் என்றேன். உடனே கண்கள் திறந்தன. உலையை இறக்கி வைத்துவிட்டுப் போனாள் என்றேன். வழியில் விளக்கு அணைந்தது, ஓடைக்கரைக்கு வந்தாள், இருட்டுகிற நேரம், அக்கரையிலிருந்து யாரோ அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள் —

மணி அடித்துவிட்டது.

"யாரு வாத்தியாரம்மா? கூப்புட்டது யாரு?" என்று வெள்ளைத்தாய் எழுந்தே நின்றுவிட்டாள். மேற்கே ஓடைக்கரையில் வீடு, அப்பன் மலைச்சாமி மலைக்கு விறகுக்குப் போகிறவன். கூர்மையான பெண்.

"நாளைக்கு வா, சொல்றேன்" என்றேன்.

யார் கூப்பிட்டது? எனக்கும் தெரியாது. நாளைக்குள் யோசித்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 10, வியாழன்

எல்லோரும் வந்துவிட்டார்கள். நடவுக்குப் போனதுகள்கூடக் காலில் சேற்றோடு வந்து உட்கார்ந்திருக்கின்றன!

சொல்லவில்லை. முதலில் பாட்டைப் பார்க்காமல் சொல்லுங்கள், பொருள் சொல்லுங்கள், அப்புறம்தான் கதை என்றேன். ஒப்பித்தார்கள் பாருங்கள், மழை மாதிரி.

அக்டோபர் 16, புதன்

வழி கண்டுபிடித்துவிட்டேன். புத்தகத்தில் இருக்கிற பாட்டையெல்லாம் அந்த விளக்குக்காரியிடமே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன். மழையைப் பற்றிய பாட்டா, அந்த மழை அவள் தலையில் பெய்கிறது. பொறுமையைப் பற்றிய பாட்டா, அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். நட்பு, நன்றி, நிலையாமை எல்லாவற்றையும் அவள் அந்த ஓடைக்கரையில் நின்றுகொண்டே நினைக்கிறாள். ஓடையை மட்டும் தாண்டவிடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு குரல், பிறகு மணி. தாண்டிவிட்டால் கதை முடிந்துபோகும், கதை முடிந்தால் இவர்கள் நடவுக்குப் போய்விடுவார்கள். இன்ஸ்பெக்ட்ரஸ் வருகிற அன்றைக்குத்தான் முடிப்பேன்.

மிஸ்ஸியம்மாள் கதவோரம் நின்று கேட்டாள். சிரித்தாள்! பொன்னுராஜ் அந்த மூலையில் உரலைப் போட்டுக்கொள்ளட்டும்.

அக்டோபர் 21, திங்கள்

சின்ன விஷயந்தான். எழுதி வைக்கிறேன்.

"அவள் எப்படி நிற்கிறாள்?" என்று கேட்டேன், பாட்டில் உள்ள சொல்லை வரவழைப்பதற்காக. "சேலை முட்டு வரைக்கும் நனஞ்சுருக்கு" என்றாள் ஒருத்தி. "ஒரு கால்ல மெட்டியக் காணும்" என்றாள் மைமூன். "இடது கால்ல" என்றாள் பின்வரிசைக்காரி. மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

நான் சொல்லவே இல்லையே இதை. யாரடி சொன்னது என்றால், "நீங்கதான் சொன்னீக" என்கிறார்கள். ஒருவேளை சொல்லியிருப்பேன். பேச்சு வேகத்தில் எத்தனையோ சொல்கிறோம்.

அக்டோபர் 24, வியாழன்

வெள்ளைத்தாயின் அம்மா கருத்தம்மா வந்தாள். விறகுக் கட்டை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"வாத்தியாரம்மா, கும்புடுறேன். அந்தக் கதைய முடிச்சு விட்ருங்க."

"ஏன், என்ன?"

"நாங்க கதை சொன்னா ஆளக் காட்டுல விட்டுட்டு வெளக்கு வைக்க மாட்டோம். எம்புட்டுப் பெரிய கதையின்னாலும் பொழுதடையுமுன்ன ஆள ஒரு வீடு கொண்டு சேத்துருவோம். பாதிக் கதையின்னா, இன்னிக்கு இந்தச் சத்திரத்துல படுத்துக்கிட்டான்னாச்சும் சொல்லிட்டுத்தான் எந்திரிப்போம். நீங்க பொம்பளப்பிள்ளையக் கொண்டுபோயி ஓடைக்கரையில நிப்பாட்டி, பேரச் சொல்லிக் கூப்பிடவும் விட்டுட்டு, மணி அடிச்சுட்டுப் போயிருதீக. அவ எங்க போவா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதையில் வருகிறவளுக்குச் சத்திரமா என்றேன். அஞ்ஞானம் என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் கோபப்படவில்லை. "எம்மவ சாயங்காலமான்னா ஓடைப் பக்கமே பாத்துக்கிட்டு இருக்கா. செத்த நேரம் ஆகாது உங்களுக்கு. முடிச்சு விடுங்க தாயி" என்றாள். ஆகட்டும், அடுத்த மாதம் முடிப்பேன் என்றேன். விறகைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த மாதம் வரை பொறுத்தால் என்ன குடிமுழுகிவிடும்? இவளுக்கு ஒரு கதை, எனக்கு இருக்க இடம்.

அக்டோபர் 28, திங்கள்

மழை. பள்ளிக்கூடம் இல்லை.

அக்டோபர் 29

மழை. ஓடையில் வெள்ளமாம்.

அக்டோபர் 31

இன்றும் யாரும் வரவில்லை. மத்தியானம் வகுப்பறையைத் திறந்து ஒழுகுகிற இடங்களைப் பார்த்தேன். கூரை ஒழுகவில்லை. ஆனால் பின்வரிசைப் பாயில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு ஈரம்.

நவம்பர் 4, திங்கள்

வகுப்பு நடந்தது. வருகைப் பெயர் படிக்கும்போது தலை நிமிராமல் படிப்பது என் வழக்கம். பட்டியலில் கடைசிப் பேர் மைமூன். "உள்ளேன் அம்மா" என்றாள். புத்தகத்தை மூடினேன். மூடின பிறகு பின்னாலிருந்து இன்னொரு "உள்ளேன் அம்மா".

விளையாட்டு என்று நினைத்துப் பிரம்பை எடுத்தேன். யார் என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பயமே இல்லை. வழக்கமாக வருகிறவள் வந்திருக்கிறாள், நான் ஏன் கேட்கிறேன் என்பது போல.

பாடம் நடத்தினேன். என்ன நடத்தினேன் என்று கேட்டால் தெரியாது.

நவம்பர் 7, வியாழன்

வெள்ளைத்தாய் வரவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

வரவில்லை. காய்ச்சலாம். மழைக் காய்ச்சல், ஊரெல்லாம் இருக்கிறது. ஜெபித்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

காய்ச்சல் மட்டுமில்லை. மைமூன் சொன்னாள். சாயங்காலம் வெள்ளைத்தாயைக் காணோமென்று தேடியிருக்கிறார்கள். ஓடையில் முட்டளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாளாம், அக்கரையைப் பார்த்தபடி. மலைச்சாமிதான் இறங்கித் தூக்கி வந்தான். ஏட்டி எதுக்குப் போனே என்று கேட்டதற்கு, "கூப்பிடுறது யாருன்னு பாத்துட்டு வாரேன்னு அவளுக்கிட்டச் சொன்னேன்" என்றாளாம். அதற்குப் பிறகு பேச்சில்லை. கஞ்சி இறங்கவில்லை.

அடி கிருபா, என்னடி செய்து வச்சிருக்கே? வேத பாடம் படிச்சவ, பேய் பிசாசு இல்லன்னு ஊருக்கே சொன்னவ. இல்லன்னா இல்லதான். ஆனா அந்தப் பிள்ள தண்ணிக்குள்ள நின்னுச்சே, அது இல்லையா? அது நான் சொன்ன சொல்லுக்குத்தானே நின்னுச்சு?

முடித்துவிடுகிறேன். இன்ஸ்பெக்ட்ரஸ் வரட்டும், வராமல் போகட்டும். நாளைக்கே.

நவம்பர் 13, புதன்

முடிக்க முடியவில்லை.

வகுப்பு தொடங்கினதுமே சொல்லிவிட்டேன். அக்கரையில் நின்று கூப்பிட்டது அவளுடைய அண்ணன், தங்கையைத் தேடி வந்தவன், பரிசலில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நல்ல முடிவுதானே? கைதட்டுவார்கள் என்று பார்த்தேன்.

எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மைமூன் மெதுவாக, என் மனம் நோகக் கூடாதென்று நினைத்துச் சொல்வது போல, "அது இல்ல வாத்தியாரம்மா" என்றாள்.

"ஏன் இல்ல?"

"அண்ணன் கொரல் இல்லியே. பொம்பளக் கொரல்லா?"

"ஆமா, பொம்பளக் கொரல்" என்றார்கள் எல்லோரும்.

"நீங்க யார்டி சொல்றதுக்கு? கதை என்னுது" என்று கத்திவிட்டேன். பின்வரிசையைப் பார்க்காமலே கத்தினேன். பின்வரிசையைப் பார்க்கிற தைரியம் இல்லை, அதுதான் உண்மை.

நவம்பர் 15, வெள்ளி

மத்தியானம் கருத்தம்மா வந்தாள். இந்த முறை கும்பிடவில்லை. "பிள்ள கண்ணச் சொருவுது. வைத்தியரு வந்து பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. நீங்க வரணும். வரலன்னா, இங்கயே இந்தப் படியிலயே கெடப்பேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. மிஸ்ஸியம்மாளிடம் சொல்லிக்கொள்ளாமல் கூடவே நடந்தேன்.

ஓடைக்கரையை ஒட்டி மண்சுவர் வீடு. வெள்ளைத்தாய் பாயில் கிடந்தாள், கண் திறந்திருந்தது, வாசலையே பார்த்தபடி. நாலு நாளாக எழுந்திருக்காத பிள்ளையின் பாவாடைக் கரை ஈரமாக இருந்தது. மலைச்சாமி மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டேன். "வெள்ளைத்தாயி, நான்தான் வந்துருக்கேன். கதைய முடிக்கட்டுமா?"

உதடு அசைந்தது. குனிந்து கேட்டேன். "யாரு கூப்புட்டா?"

அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. செத்துப்போனவர்கள் பேரைச் சொல்லவும் பயம், உயிரோடு இருக்கிறவர்கள் பேரைச் சொல்லவும் பயம். யார் பேரைச் சொன்னாலும் அந்த ஆள் தலையில்தானே விடியும்? அப்போதுதான் பிள்ளையே சொன்னது, "உங்க கொரல் மாதிரிதான் இருந்துச்சு."

"ஆமாடா, நாந்தான்" என்றேன். "நாந்தான் கூப்பிட்டேன். இருட்டிட்டே, வான்னு கூப்பிட்டேன்."

"எங்க கூப்புட்டீக?"

"என் வீட்டுக்கு."

கருத்தம்மா என் கையைப் பிடித்து எழுப்பினாள். "இங்கன சொன்னாப் போதாது. வாசல்ல நின்னு ஓடையப் பாத்துக் கூப்புடுங்க" என்றாள். பொழுது அடைந்துகொண்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்ற நான், வாசலில் நின்று, ஆளில்லாத அக்கரையைப் பார்த்து, "ஏ தாயி, நின்னது போதும். வா, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட்டேன். முதலில் குரல் எழும்பவில்லை. இரண்டாம் தரம் உரக்கவே வந்தது.

உள்ளே வெள்ளைத்தாய் ஒரு பெருமூச்சு விட்டாள். "வந்துட்டா" என்றாள். கஞ்சி கேட்டாள். கருத்தம்மா ஓவென்று அழுதுவிட்டாள், நானும்.

தெருவரைக்கும் மலைச்சாமி துணைக்கு வந்தான். அவனை அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடத்துச் சுவரோரமாக நடந்தபோது, எனக்குப் பின்னால் நனைந்த சேலை காலில் அடிக்கிற சத்தம். திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். பிறகு, என்ன தோன்றிற்றோ, தாழ் போடவில்லை. நான் கூப்பிட்டவள்தானே.

நவம்பர் 19, செவ்வாய்

வெள்ளைத்தாய் பள்ளிக்கூடம் வந்துவிட்டாள், மெலிந்துபோய், ஆனால் வாயடித்துக்கொண்டு. வகுப்பில் யாரும் இப்போது அந்தக் கதையைக் கேட்பதில்லை. பின்வரிசைப் பாய் காய்ந்திருக்கிறது.

என் அறை வாசலில்தான் காலையில் ஈரம்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து போனாள். இடமில்லாமல் சின்னதுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள் பெண்கள்! கதை முடிந்தும் வந்திருக்கிறார்கள். பாட்டு பிடித்துவிட்டதாம். ஒரு பாட்டைச் சொல்லி இதன் பொருள் என்ன என்று அவள் கேட்டு முடிக்குமுன்னே வெள்ளைத்தாய் எழுந்து, பொருளும் சொல்லி, அந்தப் பொம்பளை எதற்காக அப்படிச் சொன்னாள் என்பதையும் சொன்னாள். இன்ஸ்பெக்ட்ரஸ் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு அவளையே பார்த்தாள்.

மானியம் உண்டு. பள்ளிக்கூடம் உண்டு. என் அறை எனக்கு. அதோடு, பாளையங்கோட்டையில் ஆசிரியைகளைப் பழக்குகிற பள்ளிக்கு என்னை அனுப்ப வேண்டுமென்று எழுதிவிட்டுப் போகிறாளாம், இப்படிப் பாடம் நடத்துவதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க. வீடு கொடுப்பார்கள். மிஸ்ஸியம்மாள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

இதற்கு நான் குதிக்க வேண்டும். குதிக்கத்தான் செய்தேன், மனசுக்குள். சாயங்காலம் வரைக்கும்.

நவம்பர் 27

சாயங்காலம் வாசலில் நின்றாள். முதல் தடவையாகப் பார்க்கிறேன். கண்ணெதிரே, தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்போதே. என்னைவிடச் சின்னவள். சேலை முட்டு வரைக்கும் நனைந்திருக்கிறது. பேசவில்லை. விளக்கு வைக்க உள்ளே போய்த் திரும்பினால் இல்லை.

பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அவள் முகத்தில் கெட்டது ஒன்றும் இல்லை. யாரையோ எதிர்பார்த்துக் கால் கடுத்து நிற்கிறவள் முகம்.

நவம்பர் 30, சனி

தினமும் வருகிறாள். உள்ளே வருவதில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டேன். "என்ன வேணும் தாயி? உன்னைக் கரையேத்தியாச்சே. இன்னும் ஏன் வாசல்ல நிக்கே?"

"அவிய எங்க?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று. தேனெடுக்கப் போனவன்! அவனைத் தேடித்தானே இவள் விளக்கை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள்? இத்தனை நாளும் கூப்பிட்டது யார் கூப்பிட்டது யார் என்று அதையே பிடித்துக்கொண்டு தொங்கினோமே, நான், பிள்ளைகள், கருத்தம்மா எல்லோரும். அந்த மனுஷனை ஒருத்தர்கூட நினைக்கவில்லை. இவள் ஒருத்திதான் நினைத்துக்கொண்டே நின்றிருக்கிறாள்.

நாளைக்கு வருவார் என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கைவந்த வேலை. எத்தனை நாள் வேண்டுமானாலும் நிறுத்தி வைத்திருக்கலாம்.

ஆனால் அது எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் முற்றிக்கிடந்தபோது ஆளாளுக்கு வந்து நாளைக்கு எழுந்துவிடுவார், நாளைக்கு எழுந்துவிடுவார் என்று சொன்னார்கள். ஒருத்தராவது உண்மையைச் சொல்லியிருந்தால் அவரிடம் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன்.

"அவிய வர மாட்டாக" என்றேன். "மலையிலயே போயிட்டாக. நீ வெளக்க எடுக்குமுன்னயே போயிட்டாக. நீ பிந்தினதுனால இல்ல. உன்மேல ஒரு தப்பும் இல்ல, தாயி."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் சேலையும் நனைந்துவிட்டது. இருந்திருந்து, "நான் எங்க போவேன்?" என்றாள்.

இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பதில் சொன்னவன் பொன்னுராஜ்.

"எங்கயும் போக வேண்டாம். உள்ள வா" என்றேன்.

டிசம்பர் 12, வியாழன்

பாளையங்கோட்டைக்கு வருவதற்கில்லை என்று மிஸ்ஸியம்மாளிடம் சொல்லிவிட்டேன். பெண்களுக்கு இங்கே தமிழ் இப்போதுதான் பிடித்திருக்கிறது, நடுவில் விட முடியாது என்றேன். அது மெய்தான். அதற்காக இவ்வளவு பெரிய இடத்தை விடுவாயா, காரணம் வேறு இருக்கும் என்றாள். வீட்டில் ஆள் இருக்கிறது, தனியே விட முடியாது என்றேன்.

யார் என்று கேட்டாள். ராஜபாளையத்து உறவா என்றாள். இல்லை, இவள் என்னைப் போலத்தான், போக இடமில்லாதவள் என்றேன். சரி, இருக்கட்டும், ஆனால் தினமும் ஓடைத் தண்ணீரை அறைக்குள் ஊற்றிக் கழுவாதீர்கள், தரையெல்லாம் ஈரமும் சேறுமாக இருக்கிறது, சுவர் பாழாகிறது என்றாள்.